சிவப்புக் கட்டடம் எப்படிச் சத்தம் போடும்?

விசாரணை என்பது அவளுடைய பெயரல்ல. ஆனால் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். பேருந்து நிலையத்தில் விசாரணைக் கூண்டு என்று ஒன்று இருந்த காலத்தில், அதற்குள் உட்கார்ந்திருந்தவள் அவள். கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை, துளைக்கு இந்தப் பக்கம் அவள் வாய், அந்தப் பக்கம் ஊரே காது. எந்த வண்டி எங்கே நிற்கும், எது போய்விட்டது, எது இனிமேல் வரும், கழிப்பறை எங்கே, தொலைந்துபோன பையை யாரிடம் கேட்பது என்று காலையிலிருந்து கேள்விகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். தெரியாது என்று சொல்லி ஒருவரையும் அவள் திருப்பி அனுப்பியதில்லை. தெரியாவிட்டால் எழுந்து போய்க் கேட்டுக்கொண்டு வந்து சொல்வாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆனதும் அந்தக் கூண்டின் தயவில்தான். தன் வண்டி தாமதம் என்று ஒலிபெருக்கியில் ஊருக்கே சொல்லி மானத்தை வாங்கிவிட்டாள் என்று சண்டைக்கு வந்தான் ஓர் ஓட்டுநர். தாமதமா இல்லையா என்று அவள் திருப்பிக் கேட்டாள். தாமதம்தான் என்று ஒப்புக்கொண்டான். அப்புறம் தினமும் சண்டை போட ஏதாவது காரணத்தோடு வந்தான். பிறகு வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

நிலையத்தில் மின்பலகை வைத்தபோது கூண்டைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அவளுக்கு மாநாட்டு மண்டபத்தில் வேலை கிடைத்தது. பட்டப்பெயரும் கூடவே வந்துவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எப்படி வரவேண்டும், எங்கே தங்கலாம் என்று ஒவ்வொரு மாநாட்டுக்கும் ஒரு பக்கம் தயார் செய்து அனுப்புவது அவள் பொறுப்பு. ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கு, விடுதியிலிருந்து மண்டபத்துக்கு. வழி ஒன்றுதான், விடுதியும் அநேகமாக ஒன்றுதான். பல் மருத்துவர்கள் வந்தாலும் தேனீ வளர்ப்பவர்கள் வந்தாலும் தலைப்பையும் தேதியையும் மாற்றி அனுப்புவாள். யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

பார்வையில்லாத ஆசிரியர்களின் மாநாடு என்று ஒன்று ஏற்பாடாயிற்று. வழக்கம்போலவே அனுப்பினாள். மறுநாளே தொலைபேசி மணி அடித்தது.

"நான் ஒரு பள்ளிக்கூடத்துல பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். உங்க மாநாட்டுக்கு வர்றேன்" என்றது ஒரு பெண் குரல். "நீங்க அனுப்பின பக்கத்தை என் போன் வாசிச்சுக் காட்டுச்சு. அதுல ரெண்டு சந்தேகம்."

"கேளுங்க டீச்சர்."

"வழி அறியன்னு சொல்லிட்டு, அதுக்குக் கீழே 'படம்'னு சொல்லுது. அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்குது. அந்தப் படத்துல என்ன இருக்கு?"

"அது வரைபடம் டீச்சர்."

"வரைபடம்னா என்னன்னு எனக்குத் தெரியும்மா. அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் சம்பளம் வாங்கறேன். உங்க வரைபடத்துல என்ன இருக்குன்னு கேட்டேன்."

விசாரணை அந்தப் பக்கத்தை எடுத்துப் படத்தைத் தேடினாள்.

"சரி, அது போகட்டும். ரெண்டாவது சந்தேகம். சிவப்புக் கட்டடத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பவும்னு எழுதியிருக்கீங்க. சிவப்புக் கட்டடம் எப்படிச் சத்தம் போடும்?"

டீச்சர் குத்திக்காட்டவில்லை. அவர் குரலில் சிரிப்புத்தான் இருந்தது. அதனாலேயே விசாரணைக்கு முகம் சூடாயிற்று. அவசரமாகச் சொன்னாள்: "நீங்க நடக்கவே வேண்டாம் டீச்சர். உங்க எல்லாருக்கும் வேன் ஏற்பாடு பண்ணியிருக்கு. வாசல்ல ஏத்தி வாசல்ல இறக்கிடுவாங்க."

"வேன் உங்க நேரத்துக்கு வரும். எனக்குக் காலையில எழுந்ததும் வெளியே போய் நின்னு ஒரு டீ குடிக்கணும். சாயங்காலம் கால் போன போக்குல கொஞ்சம் நடக்கணும். ஒரு ஊருக்கு வந்துட்டு அந்த ஊரை மிதிக்காமப் போறதுக்கு எதுக்கு வரணும்? வழியை வார்த்தையில எழுதிக் கொடுங்க. நான் வந்துக்கிறேன்."

எழுதித் தருகிறேன் என்று விசாரணை சொல்லிவிட்டாள். சொல்லும்போது அது ஒரு பிற்பகல் வேலை என்றுதான் நினைத்தாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். தினமும் அவள் நடந்து வரும் தெருதான். விடுதி வாசலில் படி உண்டா? உண்டு என்று தோன்றியது. ஏறுகிற படியா, இறங்குகிற படியா? மெக்கானிக் கடைக்கு முன்னால் நடைபாதை மேடா, சரிவா? ஒன்றும் பிடிபடவில்லை. கண் திறந்திருந்தவரை எல்லாம் தெரிந்ததுபோல் இருந்தது. மூடியதும் தெரு மொத்தமும் எங்கோ ஓடிவிட்டது.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். மேலாளர் கெட்ட மனிதரில்லை. ஒரே நாளில் ஒன்பது இடத்திலிருந்து அழைப்பு வருகிற ஆள், அவ்வளவுதான்.

"வேன் சொல்லியாச்சு, சாப்பாடு சொல்லியாச்சு. இதைப் போட்டு ஏம்மா குழப்பிக்கிற?"

"ஒருத்தங்க வழி கேட்டிருக்காங்க சார். எனக்குச் சொல்லத் தெரியலை."

"அதுக்குத்தான் வேன் இருக்கே."

"வழி கேட்டவங்களுக்கு வண்டியைக் காட்டினா அது பதில் இல்லை சார்."

மேலாளர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்த முகம் வந்துவிட்டால் இவளை அசைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். "மத்த வேலை தடைப்படாமப் பாத்துக்கோ" என்றதோடு விட்டுவிட்டார்.

வீட்டில் நாத்தனார் இருந்தாள். தையல் கடையில் வேலை. அண்ணன் வண்டியோடு வெளியூர் போகும் நாட்களில் அண்ணிக்குத் துணை அவள்தான். வாய் ஓயாதவள், ஆனால் கூப்பிட்ட இடத்துக்கு வருவாள். விசாரணை விஷயத்தைச் சொன்னதும் தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு நடுத்தெருவுல நடக்கப்போறீங்களா? பாக்கிறவங்க என்னைத்தான் சொல்வாங்க அண்ணி. நாத்தனார்க்காரி அண்ணியைக் கண்ணைக் கட்டிக் கடத்திட்டுப் போறான்னு."

"சொன்னா சொல்லட்டும். கெட்டியான துணியா ஒண்ணு எடுத்துக்கோ."

மறுநாள் வேலை முடிந்ததும் இருவரும் விடுதி வாசலுக்குப் போனார்கள். தையல்காரி கறுப்புத் துணியை இரண்டாக மடித்துக் கட்டினாள். விசாரணை கையில் ஒரு குடைக்கம்பி.

முதல் அடியிலேயே படி தப்பியது. இறங்குகிற படிதான். அதைத் தெரிந்துகொள்ள முழங்கால் ஒரு குலுக்குக் குலுங்க வேண்டியிருந்தது. இடது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தாள். சுவர் இருந்தவரை தைரியம் இருந்தது. திடீரென்று சுவர் முடிந்து கை வெற்றுவெளியில் நின்றது. வண்டிகள் நிறுத்தும் இடத்தின் வாசல் அது. தினமும் இருபது முப்பது எட்டு வைத்துக் கடந்து போகிற இடைவெளி. இப்போது அது மைதானம்போல் விரிந்து கிடந்தது. எங்கோ ஒரு வண்டி உறுமியது. அது நிற்கிறதா வருகிறதா என்று தெரியவில்லை. துணியை இழுத்துக் கழற்றிவிடலாம் என்று கை மேலே போயிற்று.

"போதும் அண்ணி. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று தையல்காரி அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"பிடிக்காதே. கையை விடு."

"விழுந்து வெச்சா அண்ணன் என்னைத்தான் கேட்பார்."

"விட்டுட்டுப் பக்கத்துல வா. வண்டி வந்தா மட்டும் சொல்லு."

கம்பியால் தட்டித் தட்டி நேராக நடந்து, எதிர்ப்பக்கச் சுவர் கையில் பட்டபோது, தொலைந்த பிள்ளையைக் கண்டவள்போல் அதைத் தடவினாள். அதற்கப்பால் மெக்கானிக் கடை. நடைபாதையை அடைத்து நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் மிதிகட்டை அவள் கணுக்காலைப் பதம் பார்த்தது. தையல்காரி மெக்கானிக்கைத் திட்ட, அவன் திருப்பித் திட்ட, இவள் கண்கட்டோடு நடுவில் நின்று "சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம், இது மேடா சரிவா சொல்லு" என்றாள். திருப்பத்தில் அச்சகம் ஓடும் சத்தம் கேட்டது. தடக் தடக்கென்ற அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இதோ, சத்தம் போடுகிற கட்டடம்!

அன்றிரவு உட்கார்ந்து எழுதி, மறுநாள் டீச்சரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள். அச்சகச் சத்தம் கேட்குமிடத்தில் இடப்பக்கம் திரும்பவும் என்ற வரியை மட்டும் கொஞ்சம் அழுத்தியே வாசித்தாள்.

"நல்லாருக்கு" என்றார் டீச்சர். "மாநாடு சனி, ஞாயிறு இல்லையா? அன்னைக்கு அச்சகம் ஓடுமா?"

விசாரணை பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

"சத்தம் லீவு போடும்மா. தரை லீவு போடாது. காலுக்குக் கீழே என்ன இருக்குன்னு சொல்லுங்க. சுவர் எங்கே முடியுது, கைக்கு என்ன தட்டுப்படும், அதைச் சொல்லுங்க. இன்னொண்ணு, எத்தனை அடின்னு எண்ணிச் சொல்லாதீங்க. உங்க அடி வேற, என் அடி வேற. எங்க கணக்கு வாத்தியார் அடி ரொம்பக் குட்டை. உங்களை நம்பி எண்ணிக்கிட்டே வந்தார்னா நடு ரோட்டுல நின்னுட்டிருப்பார்."

மறுபடியும் போனார்கள். அதற்கப்புறமும் போனார்கள். அச்சகத்து முனையில் நடைபாதையின் நடுவே ஓர் இரும்புச் சல்லடை மூடி இருந்தது. மிதித்தால் காலடியில் லேசாக ஆடும். எத்தனை முறை மிதித்திருப்பாள், ஒருமுறைகூடத் தெரிந்ததில்லை. திரும்ப வேண்டிய இடம் அதுதான். மண்டபத்துக்கு ஏறும் பாதை சரிவு என்பதும், சரிவு முடிகிற இடத்தில் வழவழப்பான கல் தொடங்குகிறது என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. எழுதியதைத் தன் குரலிலேயே பதிவு செய்து அனுப்பச் சொன்னார் டீச்சர். இயந்திரம் வாசித்தால் எல்லாச் சொல்லும் ஒரே மாதிரி ஓடுகிறது, "நில்" என்ற இடத்தில்கூட நிற்காமல் போகிறது என்பது அவருடைய குறை.

இந்த நேரத்தில்தான் விடுதிக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். மாடிகளும் நீண்ட தாழ்வாரங்களும் உள்ள பழைய விடுதி. துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். வருகிறவர்கள் யார் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது.

"ஆளுக்கு ஒரு துணை கூட வரணும். இல்லேன்னா என்னால அறை தர முடியாது" என்றார் எடுத்த எடுப்பில். "படிக்கட்டு இருக்கு, வெந்நீர்க் குழாய் இருக்கு. விழுந்தாங்கன்னா யார் பதில் சொல்றது? நல்ல மனசோடதான் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க."

விசாரணைக்குக் கோபம் மூக்கின்மேல் வந்து நின்றது. ஆனால் மாநாட்டுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ஊரில் வேறெங்கும் இத்தனை பேருக்கு இடம் கிடையாது. வாயைக் கட்டிக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள்.

"என்கிட்ட சொன்னதை அவங்ககிட்டயே சொல்லிடுங்க" என்று டீச்சரைக் கூப்பிட்டு, குரல் வெளியே கேட்கும்படி வைத்து மேசைமேல் நிறுத்தினாள்.

விடுதிக்காரர் திகைத்துப் போனார். முகத்தைப் பார்த்துச் சொல்வது சுலபமில்லை என்பது ஒருபுறம் இருக்க, முகம் இல்லாத குரலிடம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. மென்று விழுங்கிச் சொன்னார். டீச்சர் முழுதும் கேட்டார்.

"சரிங்க. இப்ப நான் சில கேள்வி கேட்கட்டுமா? அறைக்கதவுல எண் எழுதியிருக்கா, செதுக்கியிருக்கா?"

"பித்தளையில புடைப்பா வெச்சிருக்கு."

"பலே. தாழ்வாரத்துல பூந்தொட்டி இருக்கா?"

"ரெண்டு பக்கமும் இருக்கு. நான் நட்டது."

"அதைத் தினமும் நகர்த்துவீங்களா, ஒரே இடத்துல இருக்குமா?"

"நகர்த்தவே மாட்டோம்! வெயில் கணக்குப் பாத்து வெச்சது."

"வெந்நீர்க் குழாய் வலமா, இடமா? எல்லா அறையிலயும் ஒரே பக்கமா?"

"எல்லா அறையிலயும் இடம்தான். நான் நேர்ல நின்னு போட வெச்சேன்."

விடுதிக்காரரின் குரல் மாறிவிட்டிருந்ததை விசாரணை கவனித்தாள். கறாரான விருந்தாளி ஒருவர் வந்து விசாரித்தால் எப்படிப் பதில் சொல்வாரோ, அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நினைவு வந்தவராக, "இருந்தாலும், தீ கீ பிடிச்சா?" என்றார்.

"தீப்பிடிச்சா முதல்ல கரண்ட் போகும். எங்கேயும் இருட்டு. அப்ப உங்க மத்த விருந்தாளிங்களுக்குப் படிக்கட்டைக் காட்ட எங்களைத்தான் நீங்க எழுப்பணும்."

விடுதிக்காரர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுப்பது கடினம். ஆனாலும் படிக்கட்டில் ஓர் ஆளை நிறுத்துவேன் என்று பிடிவாதம் பிடித்தார். "நிறுத்துங்க, எங்களுக்கும் பேச்சுத்துணை வேணும்" என்று டீச்சர் ஒப்புக்கொண்டார்.

மெக்கானிக்கோடுதான் பெரிய பாடாகிவிட்டது. இரண்டு நாள் வண்டிகளை நடைபாதையில் நிறுத்தக் கூடாது என்றதும், கடையை மூடிவிட்டு நான் சந்நியாசம் போகிறேன் என்றான். விசாரணை மறுநாளும் போய் நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள். வேலைக்கு வரும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. கோபப்படாமல், அதே வாக்கியத்தை, ஒலிபெருக்கியில் சொல்வதுபோலவே சொன்னாள். கடைசியில் அவன் கையெடுத்துக் கும்பிட்டு, "அக்கா, நிறுத்தலைக்கா. இனிமே இந்தப் பக்கம் வரும்போது சும்மா வாங்க, சொல்ல வேண்டாம்" என்றான்.

எல்லாம் கூடிவந்துவிட்டது என்று அவள் மூச்சு விட்டது வெள்ளிக்கிழமை. அன்று மதியம் தையல்காரி கடையிலிருந்து பேசினாள்.

"அண்ணி, நம்ம தெருவைத் தோண்டறாங்க."

போய்ப் பார்த்தாள். அச்சகத்து முனைக்குச் சற்று முன்னால், நடைபாதையைக் குறுக்கே வெட்டி, ஆள் உயரத்துக்குப் பள்ளம். குழாய் உடைந்திருக்கிறதாம். சுற்றி ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது. காற்றில் அது படபடத்தது. கண் உள்ளவன் பார்த்து ஒதுங்குவான். கோலை ஊன்றி வருகிறவருக்கு அந்த நாடா இருப்பதே தெரியாது. நாடாவுக்குக் கீழே கோல் போகும், கோலுக்குப் பின்னால் ஆள் போவார்.

"எப்ப மூடுவீங்க?"

"திங்கட்கிழமைக்கு மேல ஆகும்மா" என்றான் பள்ளத்துக்குள் நின்றவன்.

மேலாளர் ஓடி வந்து பார்த்துத் தலையைப் பிடித்துக்கொண்டார். "அவ்வளவுதாம்மா. நீ பட்ட பாடெல்லாம் வீண். அந்தப் பதிவை யாரும் கேட்க வேண்டாம்னு சொல்லிடு. எல்லாரையும் வேன்லயே ஏத்திடுவோம்."

விசாரணை பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும்போலிருந்தது. அவள் குரலை நம்பி நாளைக் காலை ஒருவர் அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு வருவார். வழி தப்பு என்று சொல்லி நிறுத்துவது ஒரு நிமிட வேலை. மேலாளர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால், வேனில் ஏறுங்கள் என்று தன் வாயால் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"சார், நம்ம மண்டபத்துல கூட்டத்தைத் தடுக்கற இரும்புத் தடுப்பு இருக்கில்ல?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"ரோட்டுப் பக்கம் அதை வரிசையா நிறுத்தினா, பள்ளத்தைச் சுத்தி நடக்க ஒரு சந்து கிடைக்கும். பள்ளத்துப் பக்கமும் ஒரு வரிசை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆள் போகலாம். கோல் தட்டினா இரும்பு சத்தம் போடும்."

"ரோட்டுல வைக்க நாம யாரும்மா?"

"கேட்டா கொடுப்பாங்க. நீங்க கேளுங்க சார். நீங்க கேட்டா மறுக்க மாட்டாங்க."

அது ஓரளவு புகழ்ச்சி, ஓரளவு உண்மை. மேலாளர் அங்கேயே நின்று நகராட்சிக்குப் பேசினார். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, அவர் மற்றொருவரைக் கைகாட்ட, குரல் உயர்ந்து, தாழ்ந்து, கடைசியில் ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் என்ற பேச்சில் அனுமதி வாங்கிவிட்டார். தடுப்புகள் ஒவ்வொன்றும் கல்லாகக் கனத்தன. மண்டபத்து ஆட்கள் நாற்காலி அடுக்கப் போயிருந்தார்கள். மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு முனையைப் பிடித்தார், விசாரணை மறுமுனையை. இதைப் பார்த்துக்கொண்டே இருந்த மெக்கானிக் பொறுக்க முடியாமல் கைக்கரியைத் துடைத்துக்கொண்டு வந்து, "தள்ளுங்க சார், உங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்கும்" என்றான். தடுப்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளைக் கம்பி போட்டு இறுக்கியதும் அவன்தான். நடைபாதையிலிருந்து சாலையில் இறங்கும் இடத்துக்குத் தன் கடையில் வண்டி ஏற்றும் பலகையைக் கொண்டுவந்து சாய்த்தான்.

சனிக்கிழமை விடிந்ததும் நாத்தனாரும் அண்ணியும் மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். இந்தத் தடவை தையல்காரியின் கண்ணில் துணி. "நீங்க இந்த வழியை மனப்பாடம் பண்ணிட்டீங்க அண்ணி, உங்களுக்குத் தப்பு தெரியாது. நான் நடக்கிறேன்" என்று அவளே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். பலகையில் கால் வைத்தபோது மட்டும் அவள் பேச்சு நின்றது. மற்றபடி வழிநெடுக வாய் மூடவில்லை. அவள் தடுமாறிய இடங்களையெல்லாம் சேர்த்து, விசாரணை நடைபாதை ஓரத்தில் நின்றபடியே புதிதாகப் பதிவு செய்தாள்.

"முன்னாடி அனுப்பினதுல ஒரு மாற்றம். நல்லாக் கேட்டுக்குங்க. வண்டி நிறுத்தற வாசலைத் தாண்டி மறுபடி சுவர் வரும். அந்தச் சுவர் முடியறதுக்குள்ள உங்க கோல் இரும்புல தட்டும். அங்கே நில்லுங்க..."

அனுப்பிவிட்டு மண்டபத்துக்குப் போனாள்.

வேனில் பலர் வந்து இறங்கினார்கள். நடந்தே சிலர் வந்தார்கள். இருவர் மூவராகக் கைகோத்து, இரும்புச் சந்தைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். குட்டை அடிக் கணக்கு வாத்தியாரும் வந்து சேர்ந்துவிட்டார். பூகோள டீச்சரைக் காணோம்.

முதல் அமர்வு தொடங்கிவிட்டது. மேலாளர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். "போய்ப் பாத்துட்டு வாயேம்மா" என்றார்.

"தனியா வர்றேன்னு சொல்லியிருக்காங்க சார். வருவாங்க."

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கு நிலைகொள்ளவில்லை. பலகை நழுவியிருக்குமோ? தடுப்பை யாராவது நகர்த்தியிருப்பார்களோ? வாசல்வரை போவதும் திரும்புவதுமாக இருந்தாள். தெருவில் இறங்கி ஓடிப் பார்க்கக் கால் துடித்தது. பார்த்துவிட்டால் அப்புறம் அவர் தனியாக வந்ததாக ஆகாது. கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு நின்றாள்.

டீச்சர் வந்தார். அவள் எதிர்பார்த்த இடப்பக்கச் சரிவில் அல்ல, மண்டபத்துக்குப் பின்புறம் இருக்கும் சந்திலிருந்து. கனமான, உயரமான பெண்மணி. ஒரு கையில் வெள்ளைக் கோல், மறுகையில் எண்ணெய் படிந்த காகிதப் பை.

"டீச்சர்! வழி தவறிட்டீங்களா? என் பதிவுல ஏதாவது தப்பா?"

"குரல் போன்ல கேட்டதைவிடச் சின்னதா இருக்கே" என்றார் டீச்சர். "தப்பெல்லாம் இல்லைம்மா. இரும்புச் சந்து வரைக்கும் நீங்க சொன்னபடியேதான் வந்தேன். அதைத் தாண்டினதும் எங்கேயோ ரொட்டி சுடற வாசனை வந்துச்சு. உங்க வழி எங்கே இருக்குன்னு தெரிஞ்சுதான் இருந்துச்சு, எப்ப வேணும்னாலும் திரும்பி வந்துக்கலாம். அதான் வாசனை பின்னாடி போயிட்டேன். அங்கேயே ஒரு டீயும் குடிச்சேன். கடைக்காரர் நல்ல மனுஷன், அவருக்கு முட்டி வலி. வாங்க, சூடு ஆறிடும்."

விசாரணைக்குத் திட்டலாம்போல் இருந்தது. பையிலிருந்து கொடுத்த ரொட்டியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கண்ணில் நீர் முட்டியதை டீச்சர் பார்க்கவில்லை என்றாலும், "ரொட்டியைக் கடிக்கும்போது மூக்கை உறிஞ்சாதீங்க, புரையேறும்" என்றார்.

அன்று மாலையும் மறுநாளும் அந்தத் தெருவில் கோல்களின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விடுதிக்காரர் படிக்கட்டில் நிறுத்திய ஆள் ஒரு பாட்டு வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டு இரண்டு பாட்டு கற்றுக்கொண்டான். பூந்தொட்டி ஒன்றை யாரோ இடம் மாற்றிவிட்டார்கள் என்று விடுதிக்காரரே கண்டுபிடித்து வேலையாட்களைச் சத்தம் போட்டார்.

ஊருக்குக் கிளம்புமுன் டீச்சர் விசாரணையை உட்காரவைத்துக் குறைகளைச் சொன்னார். விடுதிப் படியைப் பற்றிச் சொன்ன இடம் சரியில்லை, அவசரமாக ஓடுகிறது. ரயில் நிலையத்திலிருந்து வரும் வழி இன்னும் வெறும் படமாகத்தான் இருக்கிறது. ரொட்டிக் கடையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, அது பெருங்குற்றம். விசாரணை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டுவது தெரியாதே என்று உணர்ந்து, சரி டீச்சர், சரி டீச்சர் என்று வாயாலும் சொன்னாள்.

அடுத்த மாதம் இதய மருத்துவர்கள் வந்தபோது அவர்களுக்கும் அதே பக்கம்தான் போயிற்று. ரொம்ப நீளம் என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டார். மேலாளர் அதைச் சுருக்கலாமா என்று கேட்டார். "சுருக்கலாம் சார், தெருவைச் சுருக்கிட்டீங்கன்னா" என்று சொல்லிவிட்டு விசாரணை தன் வேலையைப் பார்த்தாள். ரயில் நிலைய வழியை இப்போது அவள் கணவனும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறான். வண்டி ஓட்டுகிறவனுக்கு நடக்கத் தெரியவில்லை என்று தங்கை கேலி செய்கிறாள்.

பள்ளத்தை மட்டும் திங்கட்கிழமை மூடவில்லை. அதற்கடுத்த வாரமும் மூடவில்லை. விசாரணை நகராட்சி அலுவலகத்தில் போய் நின்றாள். மெக்கானிக் கடையில் நின்றதுபோலவே காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அங்கிருந்த எழுத்தர் அவளைக் கண்டதும் கோப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்ளப் பழகியிருந்தார். ஒருவழியாக மூடினார்கள். மூடிய கல்லில் ஒன்று சரியாக உட்காராமல் ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அவள் அதில் காலை வைத்து அழுத்திப் பார்த்தாள், அசையவில்லை. அங்கேயே நின்று, சுவர் முடிந்ததும் ஒரு கல் தூக்கியிருக்கிறது, பார்த்து வாருங்கள் என்று பதிவு செய்தாள். "பார்த்து" என்பதை அழித்துவிட்டு, "மெதுவா வாங்க" என்று மறுபடி சொன்னாள். பிறகு நேராக நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள்.